அவைமுன் நின்ற முதல்வர்

திருச்சிற்றம்பலம்



திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வழக்கு நிகழ்ந்தது. வழக்கிட்டவர் கிழவேதியர் ஒருவர். எதிர்நின்றவர் மணக்கோலத்தினின்றும் வந்த நம்பியாரூரர். பெரியபுராணங் கற்றார் யாவரும் அறிந்த வரலாறாகலின் அதனை ஈண்டு விரித்துரையாம். ஆயினும் நம்மவர் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் அதன்கண் உண்டு. அவ்விடத்தே சற்று நிற்குமாறு வேண்டுகின்றோம். வந்த கிழவர் சிவபெருமான். தமது உரிமையை நிலைநாட்டுதற்கு அவர் நெற்றிக்கண்ணைக் காட்டியிருக்கலாம், விடைமேல் தோன்றியிருக்கலாம். அவ்வாறு செய்திலர். அவையோர்முன் வழக்காளருள் ஒருவராய் நின்றார். வழக்காறோ, எழுத்தோ, கண்டார் சொல்லோ, யாது சான்று என்று அவர்கள் வினாவியபோது சினந்திலர்; முன்னர்க் கிழிபட்டது படியோலை என்று சொல்லி மூலவோலையை நீட்டினார். அவையோரும் கிழவரது திருமேனிப் பொலிவைக் கண்டு தீர்ப்புக் கூறிற்றிலர். ஆரூரருடைய பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டனையும் ஒத்துநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். அதன்மேலும் விட்டாரில்லை. இவ்வூரே தமதூர் என்று கூறினமையின், தமது மனை யாண்டுளது, காட்டுக என்றனர். அதற்கும் உடன்பட்டு முன்னே நடந்து திருவருட்டுறையினுட் புக்கார் பெருமான்.

உலகெலாம் உடையவர் ஓரூரவைக்கு உட்பட்டு விடையிறுத்தார். அவர் பெயரால் உண்டு உடுத்து வாழும் நிலையங்கள் மாத்திரம் யார்க்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டன அல்ல என்பது யாங்ஙனம் பொருந்தும்? ஆஸ்திரேலிய நாட்டு விசாரணைக் குழுவொன்றன் அறிக்கையைப் படித்துவருங்கால் இவ்வினா எம்முள்ளத்தை விடாது பற்றிக்கொண்டது. அதுபற்றியே இத்திங்கள் எம் அன்பரோடு பேச விழைகின்றோம். கேட்டற்கு இன்னாத பொருள்தான். ஆயினும் கேட்டல் வேண்டும்.

பாடசாலை, விடுதி, கோயில், மடம் முதலிய நிலையங்களிலே சிறார்க்கு இழைக்கப்பட்ட பாலியற் கொடுமையையும், அதனை அறிந்தபோது அந்நிலையங்கள் செய்ததனையும் ஆராய்தற்பொருட்டு அந்நாட்டரசு 2013-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. அதன் தலைவர் நீதிபதி பீட்டர் மெக்ளெல்லன். ஐந்தாண்டு உழைத்து, 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் தமது இறுதி அறிக்கையைப் பதினேழு தொகுதிகளாக அவர்கள் அளித்தனர். துன்புற்றோர் எண்ணாயிரவர்க்கு மேற்பட்டோர் தனித்தனியே கமிஷனர்முன் அமர்ந்து தங் கதையைச் சொன்னார்கள். யாவருங் காண வெளிப்படையாக நடந்த விசாரணைத் தொடர்கள் 57. போலீசார் முதலிய அதிகாரிகட்குக் கமிஷன் அனுப்பிய விஷயங்கள் 2,500-க்கு மேற்பட்டன. தனியே வந்து சொன்னவருள் பாதிக்கு மேற்பட்டோர், தமக்கு அக்கொடுமை நேர்ந்த இடம் சமயச்சார்பான நிலையம் என்றனர். இவையெல்லாவற்றினும் எம்மை வாட்டிய எண் வேறொன்று. துன்புற்ற குழந்தை அதனை முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதற்குச் சராசரி ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டு ஆயிற்றாம். பத்து வயதிற் பட்டது முப்பத்துநான்கு வயதில் நாவுக்கு வருகின்றது. அத்துணைக் காலமும் அக்குழந்தையின் வாயை அடைத்திருந்த கை யாருடையது?

குற்றஞ்செய்த தனிமனிதனுடைய கை மாத்திரம் அன்று. கத்தோலிக்க சபையின் பல்லாரட் மறைமாவட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிப்பார் இதனைக் காண்பர். ஒரு குருவானவர்மேல் முறையீடு வந்தவுடன் அவரை வேறோர் ஊர்க்கு மாற்றினார்கள். அவ்வூரினின்றும் முறையீடு வர, மற்றோர் ஊர்க்கு அனுப்பினார்கள். புதிய ஊர்ப் பெற்றோர்க்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிற்றிலர். கமிஷனார் கண்ட கூட்டக்குறிப்புக்களிலும் கடிதங்களிலும் நேரான சொல் அருகியே இருந்தது. மாற்றத்திற்குக் காரணத்தை மழுப்பி எழுதியிருந்தார்கள். எழுதியவர் கொடியவரல்லர், செபஞ் செய்பவர், ஏழைக்கு இரங்குபவர். சபையின் பெயர்க்கு இழுக்கு வாராமற் காக்கின்றோம் என்றே அவர் எண்ணினர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையாரைப் பற்றி 2015-ஆம் ஆண்டு நிகழ்ந்த விசாரணையில், 1950 முதல் அச்சபையார் தம் கோப்புக்களிலே குறித்துவைத்திருந்த குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை 1,006 என்று வெளிப்பட்டது. அவருள் ஒருவரைப் பற்றியேனும் சபையார் தாமாக அரசுக்கு அறிவித்ததாகத் தெரியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனைத் தண்டிக்க இருவர் சாட்சி வேண்டுமென்பது அவர் விதி. பூட்டிய அறையில் ஒரு குழந்தைக்கு நிகழ்வதற்கு இரண்டாஞ் சாட்சி யார்? மெல்போர்னிலும் சிட்னியிலும் உள்ள யூத நிலையங்கள் இரண்டைப் பற்றியும் விசாரணை நிகழ்ந்தது. தம்மவரைப் பிறரிடங் காட்டிக்கொடுத்தலாகாது என்னும் பழைய விதியின் பெயரால், பேசத் துணிந்தவரை ஊரார் ஒதுக்கினர். இத்தகைய குற்றத்திற்கு அவ்விதி பொருந்தாது என்று அச்சமயத்து ஆசிரியரே சொல்லியும் ஒதுக்கினர்.

அன்பர்காள், பிற சமயத்தார் குற்றத்தை எண்ணி மகிழ்தற்கு இவற்றைச் சொல்லுகின்றோமல்லோம். அங்ஙனம் மகிழ்வார்க்கு அவ்வறிக்கையின் இருபத்தொன்றாம் விசாரணையைக் காட்டுவோம். அது நம் நாட்டு யோகநெறியின் பெயரால், காவியுடுத்த துறவியர் தலைமையில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மாங்ரோவ் மவுண்டன் என்னுமிடத்தில் அமைந்த சத்தியானந்த யோக ஆசிரமத்தைப் பற்றியது. 1970-களிலும் 80-களிலும் அங்கு வாழ்ந்த சிறார்க்கு அந்நாளைய ஆசிரமத் தலைவரால் நேர்ந்தவற்றை, 2014-ஆம் ஆண்டு டிசம்பரில், நடுவயதினராய்விட்ட அவர்களே வந்து சொன்னார்கள். பெற்றோரினின்றும் பிரிந்திருந்த பிள்ளைகள் அவர்கள். குருவின் சொல்லைக் கடத்தலாகாது என்று பழக்கப்பட்டவர்கள். குரு, சீடன், சமர்ப்பணம் என்னும் சொற்களை அந்தச் சாட்சியங்களினூடே படித்தபோது எம் தலை கவிழ்ந்தது. நாம் கோயிலிற் பயிலும் சொற்களல்லவோ அவை!

இனி, இதனை நம் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவாம். ஆணவமலத்தை இருளோடு ஒப்பிடுவது வழக்கு. உமாபதி தேவநாயனார் திருவருட்பயனில் அவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை உணர்த்தியருளினார். புறவிருள் பொருள்களை மறைக்குமாயினும் தான் இருத்தலைக் காட்டும். இங்கே இருட்டாயிருக்கின்றது என்று அறிந்து விளக்கைத் தேடுவோம். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். அதனுள் இருப்பான் தான் இருளில் இருப்பதை அறியான். மேலே சொன்ன சபைகளின் நிலையை இதனினும் நன்கு விளக்கும் உவமை எமக்குக் கிடைத்திலது. குற்றத்தை மறைத்தது ஒன்று. மறைக்கின்றோம் என்பதும் தமக்குத் தெரியாதவாறு, அதற்குப் பொறுமை என்றும், மன்னிப்பு என்றும், சமயத்தைக் காத்தல் என்றும் பெயரிட்டது மற்றொன்று. முன்னது ஒருவனுடைய பாவம். பின்னதிலே ஒரு நிலையம் முழுவதும் 'நாம்' என்று தன்னைக் கருதுகின்ற செருக்கு ஆணவமாய் நின்று தொழிற்படுகின்றது. தனியொருவனது 'யான், எனது' என்பதை அறுக்க வேண்டுமென்று நாள்தோறும் ஓதுகின்றோம். 'எம் மடம், எம் சபை' என்பதும் அதுவே என்று யாரும் எமக்குக் கற்பித்திலர். மறைத்தல் ஐந்தொழிலுள் ஒன்றன்றோ என்று கேட்பாரும் உளர். ஆம்; அது உயிர்களின் மலம் பரிபாகமெய்துமாறு அருளே வடிவாகிய முதல்வன் செய்வது. அத்தொழிலை நிருவாகத்தாரிடம் அவன் ஒப்படைத்தான் என்பதற்கு ஆகமப் பிரமாணம் எதனையும் யாம் கண்டிலேம்.

இனி, நம்மவர் எழுப்பும் வலிய தடையொன்று உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் குத்திய முத்தநாதனைத் திருவேடத்தின் பொருட்டுக் காத்து அனுப்பினாரன்றோ? வேடத்தார் செய்த குற்றத்தை வெளியிடாது காத்தலே சைவர்க்கு அழகன்றோ? என்பர். இத்தடை எம்மைப் பலநாள் வருத்தியது. வரலாற்றை மீட்டும் படித்தபோது இரண்டு செய்தி புலப்பட்டன. முத்தநாதனது படை பாய்ந்தது நாயனாருடைய மார்பில். தமக்கு நேர்ந்த தீங்கைத் தாமே பொறுத்தார். பிறர் பிள்ளை மார்பிற் பாய்ந்த படையை அரியணையிலிருந்துகொண்டு அவர் பொறுத்தாரென்று புராணம் கூறவில்லை. மன்னிக்கும் உரிமை புண்பட்டார்க்கே உரியது. அருகில் நின்றார் அதனை எடுத்து வழங்கினால் அது பிறர்பொருளைத் தானஞ் செய்தலாய் முடியும். மற்றொன்று, அங்கே மறைப்பு எதுவும் நிகழவில்லை என்பது. முத்தநாதனைத் தத்தன் அழைத்துச் சென்றபோது நகரத்தார் செய்தி அறிந்து வளைத்துக்கொண்டனர். தத்தன் நடந்ததையும் அரசர் ஆணையையும் அவர்க்கு வெளிப்படச் சொல்லியே வழிபெற்றான். முத்தநாதனை வேறோரூர்க்குப் புதிய ஆசாரியனாக அனுப்பி வைத்தாரல்லர்!

குருநிந்தை என்னும் அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். பக்குவமெய்திய உயிர்க்கு முதல்வனே குருவடிவாய் எழுந்தருளி உணர்த்துகின்றான் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. உணர்த்துதல் என்பது மலத்தினின்றும் விடுவித்தல். மலத்தின் வயப்பட்ட செயலொன்றனைக் காட்டி, இதுவும் குருவாய் வந்த சிவன் செயல் என்று குழந்தைக்குக் கூறுவது சிவநிந்தையாம். இல்லாத குற்றத்தை ஏற்றுதல் நிந்தை. பட்டதைச் சொல்லுதல் சான்று. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதற்கே அவை வேண்டும்.

அவ்வவையும் தமக்குள்ளே தாம் அமைத்துக்கொண்டதாயின் பயன்படாது. மனுநீதிச் சோழர் வரலாற்றிலே அமைச்சர் சொன்னதை நினைமின்கள். பசுவதைக்கு மறையோர் விதித்த கழுவாய் உண்டு, அதனைச் செய்வித்தலே முறை என்றனர். அஃதும் நூல்வழிப்பட்டதே. அரசர் அதனை ஏற்றிலர். தம் மகன் கொன்றால் கழுவாய், வேறொருவன் கொன்றால் தண்டம் என்பது அறமாகுமோ என்று வினாவினர். ஆஸ்திரேலியாவிற் கத்தோலிக்க சபையார் 1996 முதல் தாமே நடத்திவந்த முறையீட்டு ஏற்பாடுகளைப் பற்றிக் கமிஷன் ஆராய்ந்தது. ஆறுதலுரை உண்டு, பொருளுதவியும் உண்டு. ஆனால் குற்றஞ் சாட்டப்பட்ட நிலையமே முறை கேட்கும் இடமாகவும் இருந்தது. அவற்றை விட்டு நீதிமன்றஞ் சென்றார்க்கு மற்றொரு தடை நின்றது. 2007-ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றன்படி, சபையின் சொத்தை வைத்திருக்கும் தர்மகர்த்தர் குழுவை இக்குற்றத்திற்குப் பொறுப்பாக்கல் இயலாதாயிற்று; சபையென்பதோ சட்டத்தின் கண்ணில் வழக்கிடத்தக்க ஆளாக நிற்கவில்லை. கோயிலும் நிலமும் பள்ளியும் கண்ணெதிரே நிற்க, வழக்கிடுதற்கு மாத்திரம் ஆளில்லை! விக்டோரியா மாநிலம் 2018-ஆம் ஆண்டு சட்டமியற்றி அத்தடையை நீக்கிற்று. தமது மனையைக் காட்டுக என்று வெண்ணெய்நல்லூரார் கேட்டது எத்துணைக் கூரிய வினா என்பது இதனைப் படித்த பின்னரே எமக்கு விளங்கிற்று.

அவை என்பது முறையிட்டவன் சொல்லை ஆராயாது கொள்ளுமிடமும் அன்று. ஓலையை ஒத்துநோக்கினார்கள் என்று முன்னே சொன்னோம். அந்நாட்டிலேயே, குற்றவாளியென்று தீர்க்கப்பட்டுச் சிறையிலிருந்த கர்தினால் ஜார்ஜ் பெல் என்பாரை, 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றத்தார் எழுவரும் ஒருமித்து விடுவித்தனர். குற்றமற்றவர்க்கும் வெளிப்படையான விசாரணையே காப்பு. மூடிய கதவின் பின்னே விடுவிக்கப்பட்டவரை ஊர் ஒருநாளும் நம்புவதில்லை. இன்னும் ஒன்று. மூலவோலையும் முன்னைப்போற் கிழிபடாதவாறு காத்தல் வேண்டுமென்று கிழவேதியர் கேட்டனர். அவையோர் அவ்வாறே உறுதியளித்த பின்னரே அதனைக் காட்டினர். சொல்ல வருபவர்க்கு அவ்வுறுதி முதற்கண் வேண்டும். ஊரொதுக்கத்திற்கு அஞ்சி இருபத்துநான்கு ஆண்டு வாய் மூடியிருந்தவர்க்கு அஃது எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லவேண்டா.

அரசு அவ்வறிக்கையைப் பேழையிற் பூட்டி வைக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பரிகாரத்தொகைத் திட்டமொன்று தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பிரதமர் ஸ்காட் மாரிசன் பாராளுமன்றத்தில் நாட்டின் சார்பாக மன்னிப்பு வேண்டினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாயினும் சிறார்மேற் கொடுமையை அறிவித்தேயாக வேண்டும் என்னும் பரிந்துரை பெரும்பூசலை விளைத்தது. சில மாநிலங்கள் அதனைச் சட்டமாக்கின. பல்லாரட்டில், கொடுமை நிகழ்ந்த பள்ளியின் வேலிக்கம்பிகளிலே ஊரார் வண்ண நாடாக்களைக் கட்டினார்கள். யாரையும் பழித்தெழுதினாரல்லர். யாங்கள் அறிவோம் என்பதே அந்நாடாக்களின் பொருள்.

நம் இந்திய நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோச் சட்டம், இத்தகைய குற்றம் நிகழ்ந்ததென்று அறிந்தவர் யாவராயினும் போலீசாருக்கு அறிவித்தல் வேண்டுமென்று விதித்துள்ளது. மடத்தார்க்கும் கோயிலார்க்கும் அதில் விலக்கில்லை. தேவாரப் பாடசாலை நடத்தும் அன்பர் எத்துணையர் இதனை அறிவர்?

இவ்வளவும் பிறரைச் சுட்டிப் பேசினோம். எம்மைச் சுட்டியும் பேசவேண்டியதொன்று உண்டு; அதனைச் சொல்லாது இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்ப மனம் ஒருப்படவில்லை. இருபது ஆண்டுகட்கு மேலாயிற்று. ஓரூரில் சிறார்க்குத் திருமுறை கற்பிக்கும் விடுதியொன்றன் குழுவில் யாமும் ஓர் உறுப்பினராயிருந்தோம். ஒருநாள் ஓரம்மையார் தம் மகனைக் கையிற் பற்றிக்கொண்டு வந்தார். ஆசிரியர் ஒருவர்மேல் முறையிட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழுவினர் அம்மையாரை அன்போடு இருத்தி, மோர் கொடுத்து, விடுதியின் பெயரையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் எடுத்துக் கூறி, இதனை வெளியிற் சொல்லவேண்டா என்றனர். அவ்வாறு கூறியவருள் யாமும் ஒருவேம். அடுத்த திங்கள் அவ்வாசிரியர் நற்சான்றுக் கடிதத்துடன் வேறோரூர்க்குச் சென்றார். பையனும் விடுதியை விட்டு நீங்கினான். அன்றிரவு யாம் நன்கு உறங்கினோம் என்பதை நினைக்கும்போது இன்று கூசுகின்றது.

சென்ற ஆண்டு அந்த விடுதிக்குச் சென்று, அந்நாளைய கூட்டக்குறிப்பேட்டைக் காட்டுமாறு வேண்டினோம். இப்போதுள்ள செயலாளர் இளைஞர். மறுக்காது எடுத்துத் தந்தார். அத்தேதியிட்ட பக்கத்திலே அரிசிக் கொள்முதலும், குருபூசைச் செலவும் விரிவாக எழுதப்பட்டிருந்தன. இறுதியில், 'பிற விஷயங்களும் பேசப்பட்டன' என்றிருந்தது. அதன்கீழ்க் கையெழுத்திட்டோர் ஐவர். மூன்றாவது எம் கையெழுத்து. அப்பக்கத்தின் படியையும், அன்று நடந்ததாக எம் நினைவிலுள்ளது முழுவதையும் எழுதி, குழுவினர்க்கு ஒன்றும் போலீஸ் நிலையத்துக்கு ஒன்றுமாகக் கொடுத்துள்ளோம். அவ்வாசிரியர் அதன்பின் எவ்வெவ்வூர்ப் பாடசாலைகளில் இருந்தாரென்று இப்பொழுது தேடிவருகின்றனர். அம்மையார் காலமாய்விட்டனரென்று அறிந்தோம். அவர் மகனார்க்கு, அவரை அறிந்த ஒருவர் வாயிலாகச் சொல்லியனுப்பினோம். எந்த அவையில் வேண்டினும் வந்து சொல்லுவோம் என்றும், அவர் எம்மைக் காண விரும்பாராயின் வாரோம் என்றும். விடை இன்னும் வரவில்லை.

திருச்சிற்றம்பலம்